தீ மிதிக்க ஒப்புக்கொண்ட குரல்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறருக்கு நெறிமுறை சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்டவன் என் சொந்த அம்மாவை, வகுப்பறையில் நின்றுகொண்டு, முப்பத்தொன்பது பேர் சாட்சியாக ஏமாற்றினேன். அன்றைக்குப் பாடத் தலைப்பு ‘ஏமாற்றாதே’ என்பதுதான்.

மலேசியாவில், புஞ்சாக் ஆலாம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்குத் ‘தொழில்நுட்பமும் நெறிமுறையும்’ என்றொரு கட்டாயப் பாடம் உண்டு. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு, குளிர்சாதன அறைக்குள் வந்து உட்காரும் நேரம். பாலம் கட்டவும் மின்சாரம் இழுக்கவும் படிக்க வந்த பிள்ளைகளிடம் ஒருவன் வந்து, “இதைச் செய்ய முடியும், சரி. ஆனால் செய்யலாமா?” என்று கேட்டால் என்ன ஆகும்? தூங்கிவிடுவார்கள். தூங்கினார்கள். (ஒருவன் குறட்டையே விட்டான். அவனுக்கு வருகைப் பதிவு மட்டும் நூற்றுக்கு நூறு.)

அந்த வாரம் மனிதக் குரலை அப்படியே நகல் எடுக்கும் மென்பொருளைப் பற்றிய பாடம். திரையில் மூன்று விதிகளைப் போட்டேன். ஒருவரை வைத்துச் சோதனை செய்வதானால் முதலில் அவரிடம் அனுமதி கேள். பொய் சொல்லித்தான் ஆகவேண்டிய சோதனை என்றால், முடிந்த உடனே உண்மையைச் சொல். அவர் மனம் நோகும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்து. எழுத்துகளுக்கு நீல நிறம் கொடுத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு கண்ணும் திறக்கவில்லை. அந்த ரோஷத்தில், “சரி, இப்பவே செஞ்சு பார்த்துடலாமா?” என்று கேட்டுவிட்டேன். முப்பத்தொன்பது பேரும் விழித்துக்கொண்டார்கள்.

வகுப்பு நடப்பதென்னவோ ஆங்கிலத்தில்தான். ஆனால் ரவாங்கிலிருந்து வரும் தர்ஷினி என்ற மாணவி, உற்சாகம் வந்துவிட்டால் தமிழுக்குத் தாவிவிடுவாள். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கை தூக்குகிற ரகம். என்னுடைய பழைய இணைய வகுப்பு ஒன்றிலிருந்து அரை நிமிடக் குரலை எடுத்து, பத்தே நிமிடத்தில் எனக்கு இன்னொரு தொண்டையைத் தயார் செய்துவிட்டாள்.

“யாருக்கு சார் அனுப்புறது? உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும்.”

“எங்கம்மா.”

“அப்ப நீங்க சொல்லவே மாட்டீங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒன்னைச் சொல்லுங்க. அதையே நம்பிட்டாங்கன்னா மிஷின் ஜெயிச்சிருச்சி.”

அப்படி ஒன்று என்னிடம் தயாராகவே இருந்தது. எட்டு வயதில் எனக்கு டிங்கி காய்ச்சல் வந்து, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது, அம்மா எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தார். பையன் பிழைத்தால், வளர்ந்ததும் தீ மிதிப்பான். பையன் பிழைத்தான், வளர்ந்தான், மிதிக்கவில்லை. முதலில் பரீட்சை என்றேன். பிறகு பட்டப்படிப்பு, முதுகலை, நேர்முகத் தேர்வு. கடைசியாகப் பித்தவெடிப்பு என்றேன். வெயிலில் நிற்கும் காரின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிப்பவன் நான். முப்பத்து நாலு வயதாகியும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மா, “இந்த வருஷமாச்சும்?” என்பார். நான், “அடுத்த வருஷம்லா” என்பேன்.

இதைக் கேட்டதும் தர்ஷினி விறுவிறுவென்று தட்டச்சு செய்தாள். கடைசி வரிசையிலிருந்து ஹாஃபிஸ் என்ற மாணவன் எழுந்து, திரையில் இருந்த முதல் விதியைக் காட்டினான்.

“சார், அனுமதி கேட்டாச்சா?”

“அனுமதி கேட்டுட்டா அப்புறம் சோதனை எப்படி நடக்கும்?” என்றேன்.

அந்தப் படிப்புத் தவணையிலேயே முதன்முறையாக வகுப்பு முழுவதும் சிரித்தது. என் கைப்பேசியிலிருந்து குரல் செய்தி போனது.

“அம்மா, சாப்ட்டீங்களா? இந்த வருஷம் திருவிழாவுல நான் தீ மிதிக்கிறேன். கோயில்ல பேரைக் கொடுத்துடுங்க.”

அச்சு அசல் என் குரல். என்னிடம் இல்லாத ஒரு நிதானம் வேறு அதில் இருந்தது. அம்மா கேட்டுவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். நாலு மணிக்குத் துறைக் கூட்டம் என்பதை மறந்துவிட்டேன். கைப்பேசியை அணைத்து வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தில் ஒரு அட்டவணையின் தலைப்பு மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என்று ஆறு மணி வரை விவாதித்தோம்.

ஈஜோக்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முச்சந்தியில் பார்வதி அக்காவின் வடைக்கடை இருக்கிறது. வழக்கமாக என்னைக் கண்டுகொள்ளாதவர், அன்று நடுரோட்டுக்கு வந்து காரை நிறுத்தினார்.

“தம்பி, இப்பதான் மைக்குல சொன்னாங்க. ரொம்ப சந்தோசம்யா.”

“எந்த மைக்குலக்கா?”

“கோயில் மைக்குலதான். நம்ம லெக்சரரே தீ மிதிக்கிறாருன்னு தலைவர் ரெண்டு வாட்டி சொன்னாரு.”

கோயில் தலைவர் முனியாண்டி மாமா முன்னாள் மண்டோர். தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை வேலைக்கு விரட்டியவர், இப்போது அதே தொண்டையைக் கோயிலுக்கு ஒப்படைத்திருக்கிறார். அவர் ஒலிபெருக்கியில் ஒன்றைச் சொன்னால் பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

வீட்டுக்குள் போனால், அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மேசைமேல் புது மஞ்சள் வேட்டி. மதியம் வைத்த மீன் குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

“எப்போ வாங்கின வேட்டி தெரியுமா? நீ யூனிவர்சிட்டி சேர்ந்த வருஷம்” என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவி, “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்றார்.

இரண்டாம் விதி, உடனே உண்மையைச் சொல். மூன்றாம் விதி, மனம் நோகும் என்றால் நிறுத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று என் நீல எழுத்துகளில் எங்கும் இல்லை. பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ‘அது மிஷின்மா’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குச் சாம்பார் ஊற்றினார். சாப்பிட்டேன்.

மறுநாள் கோப்பி குடிக்கும்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் அக்காவோடு போனில் இருந்தார், “ஆமாடி, அவனே சொல்லிட்டான்” என்று. சனிக்கிழமை எல்லாவற்றையும் விவரமாக எழுதி வாட்சப்பில் அனுப்பினேன். மூக்குக் கண்ணாடி உடைந்துபோய்ப் பத்து நாளாயிற்று என்று பதிலுக்குக் குரல் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தைரியமாக, “ம்மா, குரலை நகல் எடுக்குற மிஷின் ஒன்னு இருக்கு...” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல செருப்பில்லாம நடந்து பழகு” என்று என்னை முற்றத்துச் சரளைக் கல்லில் இறக்கிவிட்டார்.

புதன்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது ஒருவனும் தூங்கவில்லை. ஹாஃபிஸ் வெண்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தான்: ‘சாரின் அம்மாவிடம் உண்மை சொல்லியாகிவிட்டதா?’ கீழே இரண்டு கட்டங்கள், ஆம், இல்லை. இல்லை என்ற கட்டத்தில் நானே கோடு போடவேண்டியதாயிற்று.

“சார், சோதனை இன்னும் முடியல. அவங்ககிட்ட சொல்லாம நான் அறிக்கை எழுத மாட்டேன்” என்றாள் தர்ஷினி. “நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்.”

என் பாடத்தை ஒருத்தி கவனித்துக் கேட்டிருக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் ஏற்படவில்லை. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. ஆக எனக்கு இருந்தது இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளையும் வீணாக்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர், ஒருவர். பூசாரி கயிற்றை எடுத்தார்.

“ம்மா, ஒரு நிமிஷம். அந்த வாய்ஸ் நான் பேசல. மிஷின் பேசுச்சு. கிளாஸ்ல ஒரு சோதனைக்காக உன்னை ஏமாத்திட்டேன்.”

கோயிலில் உறுமிச் சத்தம் அந்த நேரம் பார்த்தா நிற்கவேண்டும்? வரிசை மொத்தமும் கேட்டது. முனியாண்டி மாமா மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா மட்டும் அசையவில்லை.

“தெரியும்லா” என்றார்.

“என்ன தெரியும்?”

“அது நீ இல்லன்னு. எடுத்த எடுப்புல என்னை சாப்ட்டீங்களான்னு கேட்டுச்சே. நீ எந்தக் காலத்துலடா என்னை அப்படிக் கேட்டிருக்க? போனைப் போட்டா வீட்டுல என்ன கறின்னுதானே கேப்ப.”

மறுத்துப் பேச, அப்படிக் கேட்ட ஏதாவது ஒரு நாளைத் தேடிப் பார்த்தேன். ஒரு நாளும் கிடைக்கவில்லை.

“அப்புறம் எதுக்குப் பேரைக் கொடுத்த?”

“உன்னைக் கேட்டா அடுத்த வருஷம்பே. அந்தப் புள்ள ஒரே வார்த்தையில சரின்னுச்சி. விடுவேனா?”

“அன்னைக்கு அழுதியே?”

“வெங்காயம் உரிச்சேன்.”

பூசாரி கயிற்றோடு காத்திருந்தார். அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரவணா, உனக்குக் காய்ச்சல் வந்தப்ப உன்னைக் கேக்காமதான் வேண்டிக்கிட்டேன். சுடப்போறது உன் காலு. அது தப்புதான். இத்தன வருஷமும் மிதி மிதின்னுதான் சொன்னேன், உனக்கு இஷ்டமான்னு கேக்கல. இப்ப கேக்குறேன். இஷ்டம்னா கையை நீட்டு. இல்லன்னா வா, வீட்டுக்குப் போலாம். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். கோழி ஆக்கித் தரேன்.”

அந்த மொத்த விவகாரத்திலும் ஒருவர் இன்னொருவரிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. நான் கையை நீட்டினேன்.

“அது இடது கை” என்றார் பூசாரி.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் தீ மிதித்தேன். நடந்தேனா ஓடினேனா என்பதில் ஊரில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தர்ஷினியும் ஹாஃபிஸும் வந்திருந்தார்கள். என்னைப் படம் எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். “காலு அவனோடது, அவன்கிட்ட கேளுங்க” என்று அனுப்பிவிட்டார். எடுக்கச் சொன்னேன். அந்தப் படங்களில் தீக்குழியின் இந்தப் பக்கம் இருக்கிறேன், அந்தப் பக்கம் இருக்கிறேன். நடுவில் இல்லை. கடைசியில் கால் நனைக்க வைத்திருந்த பால் குழியில் போய் விழுந்து, அங்கேயே நின்றுகொண்டேன். “தம்பி, வெளிய வா, பின்னால ஆள் வருது” என்று முனியாண்டி மாமா மைக்கில் மூன்று முறை சொன்னார். நாலாம் முறை பெயரும் பதவியும் சேர்த்துச் சொன்னார். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. முட்டியில்தான் நல்ல சிராய்ப்பு.

இது நடந்து மூன்று திருவிழா ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, தனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் என்கிறார். ஒருவன் யூனிவர்சிட்டியில் வேலை பார்க்கிறானாம், இன்னொருவன் போனுக்குள் இருக்கிறானாம். போனுக்குள் இருப்பவன்தான் மரியாதை தெரிந்தவனாம். வந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கிறார்கள்.

நானும் திருந்திவிட்டேன். தினமும் மதியம் வகுப்புக்குப் போகுமுன் வீட்டுக்குக் கூப்பிட்டு, எடுத்ததும், “ம்மா, சாப்ட்டியா?” என்று கேட்கிறேன்.

“யாரு, அந்தப் புள்ளயா?” என்கிறார் அம்மா.

“இல்லம்மா, நான்தான். சரவணன்.”

“நீயா?” என்கிறார். “அப்ப சொல்லு, என்ன வேணும்?”