லைக்ராவில் ஒரு திறப்பு விழா

திறப்பு விழா, ரிப்பன், பொன்னாடை எல்லாம் வெட்டிவேலை என்று நினைத்த மேதாவி நான். ஆறு மாதம் மெயிலில் பேசி முடித்த விஷயத்துக்கு எதற்குக் குத்துவிளக்கு? (அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் எம்.டி. ரேஞ்சுக்கு இருந்தது.)

எங்கள் பனியன் கம்பெனியில் விளையாட்டு உடைக்கென்று புது யூனிட் கட்டியிருந்தோம். டென்மார்க்காரர் ஒருவர் அதில் முதல் போட வந்திருந்தார். விளக்கேற்றி, ரிப்பன் வெட்டி, மேடையில் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த யூனிட்டுக்குப் பூட்டுதான்.

விழாப் பொறுப்பு என் தலையில். கடையில் வாங்கிய சாட்டின் ரிப்பனைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே துணி போடுகிற நாம் வெளித்துணியை வெட்டுவதா? ரப்பர் மாதிரி இழுபடுகிற எங்கள் லைக்ரா துணியிலேயே சிவப்பாக ஒரு பட்டை வெட்டி வாசலில் கட்டினேன்.

"தொய்யுதுங்களே அம்மணி, நல்லா இழுத்துக் கட்டுங்க" என்றார் எம்.டி.

இழுத்தேன். இரண்டு ஆள் வைத்து இழுத்தேன்.

டென்மார்க்காரர் வெள்ளித்தட்டிலிருந்த தங்க முலாம் கத்தரியை எடுத்து வெட்டினார். துணி மடங்கியது, அறுபடவில்லை. மறுபடி வெட்டினார். கத்தரியைக் கவ்விக்கொண்டு கூடவே வந்தது. போட்டோகிராபர் "ஒன் மோர் சார்" என்றார். (அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.)

"ஏனம்மணி, இது அறுமா, அறாதா?" எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது எங்கள் கட்டிங் மாஸ்டர், சங்கரன்கோவில்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அது பேப்பர் வெட்டுற கத்தரில்லா! இந்தா தாயி, நம்ம கத்தரியக் குடு."

வாங்கி டென்மார்க்காரர் கையில் கொடுத்தேன். ஒரே வெட்டு. பளார்! ஒரு முனை எம்.டி. கன்னத்தில். இன்னொரு முனை வாசலோரக் குத்துவிளக்கில். ஏற்றி வைத்திருந்த முதல் திரி அணைந்தே போனது.

"அய்யய்யோ" என்று டெய்லர் அக்காக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மனதுக்குள் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன். தேதிதான் பாக்கி.

டென்மார்க்காரர் குனிந்து பட்டையை எடுத்தார். இரண்டு கையையும் விரித்து இழுத்தார். விட்டார். பழைய அளவுக்கே வந்து நின்றது. மறுபடி இழுத்தார், விட்டார். எத்தனை சதவீதம் லைக்ரா என்று கேட்டார்.

"எட்டு, சார்." அழுகைக் குரல்தான் வந்தது. "ஐம்பது தடவை துவைத்தாலும் இப்படியேதான் நிற்கும்."

ஆறு மாதமாக நான் அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் படித்தவர், அன்றைக்குத்தான் நம்பினார். மனுஷன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அணைந்த திரியைத் தானே ஏற்றினார். பிறகு மேடையேறிக் கையெழுத்தும் போட்டார். கன்னத்தில் சிவப்புக் கோட்டோடு எம்.டி. எல்லோரிடமும், "நம்ம துணிங்க, நம்ம துணி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. விழா எதற்கு என்று அதற்கப்புறம் நான் கேட்டதேயில்லை.

அந்த யூனிட் இன்றைக்கு மூன்று ஷிப்ட் ஓடுகிறது. அந்தப் பட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்குகிறது.

போன மாதம் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். வாசலில் சிவப்பு ரிப்பன், பக்கத்தில் குத்துவிளக்கு.

"சாட்டினா, லைக்ராவா?" என்றார் கணவர்.

"லைக்ராதான்" என்றேன், தலை நிமிர்ந்து.

வந்த சொந்தமெல்லாம் நாலடி பின்னால் நகர்ந்தது. மாமியார் மட்டும் முன்னால் வந்து, "இரு கண்ணு, மொதல்ல வெளக்க உள்ள கொண்டுபோய் வச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.