ஒரு முத்திரைத் தாளுக்காக ராஜாவையே விட்டுவிட்டார்கள்

கனெக்டிகட்,
ஆகஸ்ட், 1776

பிரிஸ்டலில் இருக்கும் மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு, தம்பி ஹெசக்கியா வணங்கி எழுதிக்கொண்டது. அண்ணியின் மூட்டுவலி கர்த்தர் கிருபையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அண்ணா, எங்களுக்கு இனி ராஜா இல்லையாம். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிரியார் ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். யாருடைய பசுவோ காணாமல் போன அறிவிப்பாக்கும் என்று பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது வேறொரு நாட்டில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு மட்டும் அதே பெஞ்சு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டு வரைக்கும் காசு கட்டி முத்திரை வாங்க வேண்டும் என்று லண்டனில் சட்டம் போட்டார்களே, அன்றே பக்கத்து வீட்டுக் கொல்லன் ஏசா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அந்தச் சபையில நம்ம ஆளு ஒருத்தன்கூட கிடையாது. நம்ம பையில கைய விட அவனுங்க யாரு?" என்றான். "பிரெஞ்சுக்காரன் வந்தப்ப பட்டாளம் அனுப்பினது யாருப்பா? அந்தச் செலவ யார் கொடுப்பா?" என்றேன். சாயங்காலம் முத்திரைத் தாள் விற்பவரைப் போல வைக்கோல் பொம்மை செய்து மரத்தில் தொங்கவிட்டார்கள். பொம்மைக்கு மாட்டியிருந்தது என் கோட்டு. எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி பேஷன்ஸ். "பழசுதானே, நீங்க போடுறதேயில்லையே" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அண்ணா அது.

அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள், அத்தோடு விட்டார்களா, கண்ணாடிக்கு வரி, வர்ணத்துக்கு வரி, கடைசியில் தேயிலைக்கு வரி. போதாக்குறைக்கு, மலைக்கு மேற்கே ஒருவரும் குடியேறக் கூடாது என்று ராஜா முன்பே கோடு கிழித்திருந்தார். நானும் ஏசாவும் அங்கேதான் நிலத்துக்குப் பங்கு வாங்கியிருந்தோம். "சண்ட போட்டு ஜெயிச்ச பூமிய எட்டி நின்னு பாக்கணுமாய்யா?" என்று அவன் குதித்தான். ராஜா யோசிக்காமல் செய்வாரா என்றேன் நான். அங்கே ஏற்கெனவே சோளம் விதைத்து வாழ்கிறவர்களை அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அது இருக்கட்டும். ஊர்ப் பெண்கள் கூடித் தேயிலையைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள், வீட்டில் ராஸ்பெரி இலைக் கஷாயம். நாக்கு செத்துப்போய், லாயத்தில் ஒளிந்து ஒரு குவளை தேநீர் போட்டேன். வாசனை பிடித்துப் பேஷன்ஸ் வந்து நிற்கிறாள்.

"என்னங்க அது?"

"குதிரைக்கு மருந்து."

"அப்ப குதிர குடிக்கட்டும்."

குடித்துவிட்டது அண்ணா, சொட்டு மிச்சம் வைக்காமல்.

இதெல்லாம் சிரித்து மறக்கிற விஷயம். இனி எழுதப்போவது அப்படியில்லை. என் ஈயத் தட்டுகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்துவிட்டார்கள். மகன் ஏனோஸ் ராஜாவை எதிர்க்கும் படையில் சேர்ந்து நியூயார்க்கில் அந்தக் குண்டுகளோடு நிற்கிறான், போட்டுக்கொள்ள நல்ல சட்டைகூட இல்லாமல். உங்கள் மகன் ரோஜரும் ராஜாவின் பட்டாளத்தோடு அங்கேதான் கப்பலேறி வந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்குமோ கிடைக்காதோ, அவனுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்: எதிரே நெட்டையாக, இடது தோளைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் நின்றால் சுட வேண்டாம், அது தன் பெரியப்பாவைப் போலவே தும்முகிற பையன். உங்கள் மாடி அறையைச் சுத்தம் செய்து வையுங்கள். விசுவாசமுள்ள பிரஜையாகவே சாக வருகிறேன். இதை டச்சு மாலுமி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ராஜாவையும் உங்களையும் கர்த்தர் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஹெசக்கியா

பின்குறிப்பு: அரக்கு வைப்பதற்குள் ஊர்க் கூட்டத்துக்கு ஆள் வந்தது. கட்டிவைத்து அடிக்கத்தான் என்று பைபிளையும் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தால், புது நாட்டுக்கும் வரி வேண்டுமாம், வசூலிக்க ஆள் வேண்டுமாம். "வரின்னா கோவம் வராத மனுஷன் இந்த ஊர்லயே இவர் ஒருத்தர்தான்" என்றான் ஏசா. எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். படைப் பையன்களுக்குச் சட்டையும் போர்வையும் வாங்கத்தான் அந்தப் பணம் என்றார்கள். ஏனோஸை நினைத்துச் சரி என்றேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், நான் ராஜாவின் ஆளில்லை, அறையும் வேண்டாம். நியாயமாக இருக்கட்டுமே என்று முதலில் என் வீட்டுக்கே வசூலுக்குப் போனேன். பேஷன்ஸ் கதவைப் பாதி திறந்து, "அந்தக் கூட்டத்துல பொம்பள ஒருத்தியாவது இருந்தாளா? எங்களக் கேக்காம எங்க மேல எப்படி வரி போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இதை வாசற்படியில் உட்கார்ந்து, ஏசாவிடம் கடன் வாங்கிய கரித்துண்டால் எழுதுகிறேன்.