கட்டிப்போன குழாய்

கண்ணாடிக் குழாயில் இருந்தது கட்டிப்போயிருந்தது. சன்னாசி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

மலாயாவில் கப்பலிறங்கிக் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவனுக்கு ரப்பர் ஸ்டோரில்தான் வேலை. ஆசிட் ஊற்றுமுன் ரப்பர் பால் கட்டினால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உதைப்பார். போன வாரம்தான் ஆஸ்பத்திரி கூட்டுகிற வேலைக்கு மாறினான். இங்கேயும் கட்டிவிட்டதே!

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு குழாய்கள். இரண்டிலும் முயல் ரத்தத்தின் தெளிவு. ஒன்றில் மட்டும் டாக்டர் சீழைக் கலந்து வைத்திருந்தார். அதுதான் கட்டியிருந்தது. நேற்றுதான் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் ஆறுமுகம், சன்னாசியின் மனைவி ராக்கம்மாவின் கையில் இருந்த கட்டியைக் கீறிப் பஞ்சில் சீழ் எடுத்திருந்தார்.

"கொளாயப் பாத்துக்கடா. எதுனா ஆச்சு, தோல உரிச்சிருவேன்" என்று வேறு சொல்லியிருந்தார்.

சன்னாசி குழாயைக் குலுக்கினான். கட்டி உடைந்து இன்னும் அசிங்கமானது. ஸ்டோரில் பாலை வடிப்பதுபோல் வேட்டி முனையில் வடித்தான். ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் மற்றக் குழாயில் இருந்ததை இரண்டிலும் பாதிப்பாதியாக ஊற்றி வைத்தான்.

டாக்டர் வந்து குழாய்களைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டிலும் தண்ணீராக ஓடியது. தலையாட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவில் ராக்கம்மா வீங்கிய கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். தூணில் மேனேஜர் தொரையின் நாய், காதில் துணிக்கட்டோடு.

"ஏ ராக்கம்மா, எந்திரி. வேலக்காட்டுக்குப் போ" என்றார் ஆறுமுகம்.

"பால் வெட்டுற கத்தியே புடிக்க முடியலைங்க..."

"போலா!"

அவள் போனாள். நாயையும் பங்களா ஆள் அவிழ்த்துக்கொண்டு போனான்.

சன்னாசி ஆறுமுகத்திடம் மெதுவாகக் கேட்டான். "கொளாய் கட்டல. நல்லதுதானுங்களே?"

"ரொம்ப நல்லது. பொல்லாத கிருமின்னா, அதுக்கிட்ட உள்ள சரக்கு ரத்தத் தெளிவக் கட்ட வச்சிரும். கட்டிச்சுன்னா உசுருக்கே ஆபத்து, படுக்கப்போட்டு வைத்தியம் பாக்கணும்."

துடைப்பம் கை நழுவியது. "ஐயா, கட்டிச்சுங்க! பயந்துபோயி நாந்தான் மாத்தி ஊத்திட்டேன். என் தோல உரிச்சுக்குங்க, திருப்பிக் கூப்புடுங்க!"

ஆறுமுகத்தின் முகம் வெளுத்தது. "அடப்பாவி!" சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

ஒரு கூலிக்காரிக்காக இப்படிப் பறக்கிறாரே! சன்னாசிக்குக் கண் கலங்கியது. ஆனால் சைக்கிள் மேட்டுப் பங்களாப் பக்கம் திரும்பியது.

"ஐயா, வேலக்காடு கீழயுங்க! ராக்கம்மா கீழ போறா!"

வாசலில் போத்தல் கழுவிக்கொண்டிருந்த செல்லம்மா நிமிர்ந்தாள்.

"எதுக்குடா கத்துற? ஒம் பொண்டாட்டி சீழ்ப் பஞ்ச நேத்தே நாந்தான் அடுப்புல போட்டேன். கொளாயில இருந்தது தொரை நாயோட காதுச் சீழுலா!"