மட்டைக் காக்காவும் இறகுத் தொப்பி ஆட்டக்காரிகளும்

அமெரிக்கச் சூதாட்ட நகரத்து ஆட்டக்காரிகளைப் பற்றி இந்த உலகத்தில் அதிகம் எழுதியவரும், அவர்களை மிகக் குறைவாகப் பார்த்தவரும் ஒரே ஆள்தான். அவர் கல்முனைக்குடியில் இருந்தார். சொந்தப் பெயர் வங்கிக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் மட்டைக் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடை. அதன் மேல்மாடியில் நாலைந்து கொம்பியூட்டரும் ஓயாமல் ஒழுகும் ஒரு ஏசியுமாக எங்கள் கந்தோர். அந்தச் சூதாட்ட நகரத்துப் பல்கலைக்கழக நூலகம் ஒன்று தன் ஊரின் வரலாற்றைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. சூதாட்ட விடுதிகளின் மெனுக்கள், தீப்பெட்டிகள், மேடை உடுப்புகளுக்குப் பென்சிலால் கீறிய படங்கள், ஆளுயர இறகுத் தொப்பியோடு ஆடிய பெண்களின் புகைப்படங்கள். அவற்றின் பிரதிகள் இன்டர்நெட்டில் எங்களுக்கு வரும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறதென்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். நாளைக்கு ஒருவர் தேடினால் அந்த வரிகளைப் பிடித்துத்தான் படத்துக்குப் போவார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எனக்கு இந்த வேலை கிடைத்த கிழமையே வாப்பா வலையைச் சாச்சாவிடம் கொடுத்துவிட்டு, கடலில் வாங்கிய கால்வலியோடு வீட்டில் இருந்துகொண்டார். உம்மா எங்கள் ஊர் மருதமுனை முழுக்க, "மகன் அமெரிக்கா லைப்ரரில" என்று சொல்லி வைத்திருந்தா. அந்த லைப்ரரியில் மகன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நான் விளக்கப் போகவில்லை.

மட்டைக் காக்கா வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர். எழுதும் ஆங்கிலம் முத்து. கதைக்கும் ஆங்கிலம் தொண்டையை விட்டு மேலே வராது. முதல் நாள் முதல் படம் திறந்தது. ஒரு ஆட்டக்காரி. காக்கா எழும்பிக் கீழே போனார். புடவைக்கடையில் சேட்டு மடித்து வரும் பெட்டியின் மட்டை ஒன்றை வாங்கி வந்தார். அதைத் திரையின் நடுவில் வைத்து இடது கையால் அமர்த்திக்கொண்டு, மட்டைக்கு மேலே நீட்டிய தொப்பி உட்பட, சுற்றிவரத் தெரிந்ததையெல்லாம் வலது கையால் எழுதினார்.

"காக்கா, நடுவுல இரிக்கிறத்தையும் எழுதோணுமே."

"நடுவுல ஒரு பொம்புளப்புள்ள நிக்கிது மனே. அத நான் நம்புறன். பாக்கத் தேவல்ல."

"படம்தானே காக்கா."

"அந்தப் புள்ளைக்கும் வாப்பா உம்மா இரிந்திருப்பாங்க. உண்ட ராத்தாவ ஒருத்தன் அமெரிக்காவுல இரிந்து இப்பிடிப் பாத்தா உனக்கு எப்பிடி இரிக்கும்?"

நான் என் கொம்பியூட்டருக்குத் திரும்பிவிட்டேன்.

பழைய காலத்துப் படங்களுக்கு ஒரு சின்ன மட்டை போதுமாக இருந்தது. காலம் ஏற ஏற ஆட்டக்காரிகளின் உடுப்புச் சுருங்கியது. காக்காவின் மட்டை பெருத்தது. கடைசியில் வந்த ஒரு பெட்டிக்குப் புடவைக்கடையில் இருந்த மட்டை எதுவும் போதாமல், துவாயால் திரையை மூடிவிட்டு, "மேடை. நல்ல வெளிச்சம்" என்று மட்டும் எழுதினார்.

நோன்பு வந்தது. அந்த மாதம் மெனுக்கள் வந்தன. மனம் இளகிய எங்கள் கந்தோர் முதலாளி, காக்கா கொஞ்சம் ஆறட்டும் என்று மெனுப் பெட்டியை அவருக்கே கொடுத்தார். பின்னேரம் காக்கா வெளிறிய முகத்தோடு முதலாளியின் மேசைக்கு வந்தார்.

"முதலாளி, இத எடுங்க. எனக்கு ஆட்டக்காரியளத் தாங்க."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நோம்பும் நாளுமா என்ன காக்கா கதைக்கிறீங்க?"

"ஆட்டக்காரிக்கு மட்டை இரிக்கி. பொரிச்ச றாலுக்கு என்னத்த வைக்கிற?"

பெருநாள் கழிந்து, நூலகம் எங்கள் வேலைக்குத் தந்த சோதனைக் காலம் முடியும் தறுவாய். அங்கிருந்து வீடியோவில் கதைக்க வருகிறார்கள், பிடித்திருந்தால்தான் வேலை தொடரும் என்று செய்தி வந்தது. அன்றைக்குத்தான் முதலாளி காக்காவின் வரிகளை முதன்முதலாக உட்கார்ந்து வாசித்தார்.

"ஆட்டக்காரியள்ற படத்துல ஆட்டக்காரியத் தவிர மத்ததெல்லாம் இரிக்கி. ஏணி இரிக்கி, வாளி இரிக்கி, திரைக்குப் பின்னால நிக்கிற ஆள் இரிக்கி. வாசிக்கிறவன் கட்டட வேலை நடக்குதென்டு நினைப்பான்."

"கண்டத்தத்தான் எழுதினன்."

"இந்த வேல போனா கந்தோரப் பூட்டிப்போட்டு நான் கீழ சாரன் விக்கப் போவன். இந்தப் பொடியன் எங்க போவான்?"

இந்தப் பொடியன் நான்தான். எனக்கு வாப்பாவின் காலும், சாச்சா வீட்டில் காயும் வலையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. காக்கா என்னைப் பார்த்தார். போய் மட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தார்.

நடுவை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதிப் பார்த்தால் எல்லா நடுவும் ஒன்றுதான். இறகுத் தொப்பியோடு சிரிக்கும் ஆட்டக்காரி. அடுத்ததிலும் இறகுத் தொப்பியோடு சிரிக்கும் ஆட்டக்காரி. கால்வாசியும் முடியவில்லை, அழைப்பு வந்துவிட்டது.

திரையில் தோன்றியவர் ஒரு வயதான பெண். படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்ட நூலகத்துக்குச் சும்மா வந்து உதவுகிறாராம். ஒரு காலத்தில் அந்த மேடைகளில் ஆடியவராம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் காக்காவின் கை தானாக மட்டையைத் தூக்கித் திரையில் வைத்தது. மட்டை மெல்ல ஒரு ஓரமாக விலகியது. கழுத்து வரை பொத்தான் பூட்டிய கம்பளிச் சட்டையோடு ஒரு மூத்தம்மா கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. காக்கா மட்டையைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "தொப்பி இடப்பக்கம் சரிகிறது. இவ்வளவு பாரத்துக்கு இந்தப் பிள்ளையின் கழுத்து வலிக்கும். திரைக்குப் பின்னால் மெலிந்த மனிதர் ஒருவர், தொப்பி விழுந்தால் பிடிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்." தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "இதை எழுதியது யார்?"

முதலாளி, பொலிசுக்கு ஆள் காட்டுவதுபோல் காக்காவைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளை நான்" என்றார் அவர். "இந்தப் படத்தைப் பார்த்த எல்லாரும் என் காலைப் பற்றித்தான் சொன்னார்கள். கழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அந்த மனிதரை நானே மறந்துவிட்டிருந்தேன்."

காக்கா என் காதுக்குள் குனிந்தார். "கேளு மனே. இப்பவும் நோகுதாமா?"

கேட்டேன். குளிர் நாட்களில் நோகும் என்றார்.

"நல்லெண்ணெயில உள்ளி தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டோட பூசச் சொல்லு."

பூண்டு, எண்ணெய், இளஞ்சூடு என்று மொழிபெயர்த்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அந்த அம்மா பேனையைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டா.

வேலை தொடர்ந்தது. ஒரேயொரு நிபந்தனை: காக்கா எழுதியதில் ஒரு சொல்லும் மாறக்கூடாது, நடுவை எழுத வேறு ஆளைப் போடலாம். அன்றிலிருந்து காக்கா ஓரம், நான் நடு. வாப்பா இன்றுவரை வலையைத் தொடவில்லை.

காக்கா இப்போது கண் மங்கி, சாய்ந்தமருதில் மகள் வீட்டில் இருக்கிறார். வேலை உறுதியான அன்று முதலாளி எங்களை நிறுத்தி எடுத்த படம் எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. முதல் சம்பளத்தில் வாங்கிய வெள்ளைச் சேட்டோடு நான் நடுவில் சிரிக்கிறேன். வருகிற சொந்தக்காரர் எல்லாரும் சேட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் ஓரத்தைப் பார்க்கிறேன். அங்கே படத்தின் விளிம்பில் பாதி முகம் வெட்டுப்பட்ட ஒருவர், ஒழுகும் ஏசிக்குக் கீழே, என் தலைக்கு மேலாக ஒரு மட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

என் சேட்டில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.