படத்தில் இருக்கும் மாலுமி என் மகன் அல்ல

ரெட் ஹூக், புரூக்ளின்
செப்டம்பர் 1945

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, முடிதிருத்தும் கடை கார்மெலோ ஸ்பாத்தா பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க புனித சூசையப்பர் துணை நிற்பாராக. இவ்விடம் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சுகமில்லை, அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை.

போர் முடிந்த அன்று டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு மாலுமி வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தியை வளைத்துப் பிடித்து முத்தமிடும் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டீர்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் புரட்டட்டும் என்று நான் சந்தா கட்டி வாங்கும் பத்திரிகை அது. சனிக்கிழமை காலை மீன்கடை தூரி அதை விரித்து, "இந்தத் தோளப் பாருப்பா, நம்ம நீனோவேதான்" என்றான். நீனோ என் ஒரே மகன், கப்பற்படையில் இருக்கிறான். அந்த நேரம் பார்த்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ரொட்டிக்கடை ஜாகோமோ. அவர் மகள் ஃபிலோமினாவைத்தான் நீனோவுக்கு நிச்சயம் செய்திருக்கிறது. ஒரு கன்னம் மழித்தபடி, மறு கன்னம் நுரையோடு, கழுத்தில் என் துணியோடு எழுந்து போன மனிதர், மீதிக் கன்னத்தை எதிர்க்கடையில் மழித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கருகிய ரொட்டிதான் வருகிறது.

படத்தில் முகமே தெரியாத ஒருவனுக்கு ஊரே சேர்ந்து என் மகன் முகத்தை ஒட்டிவிட்டது. வெட்கப்பட வேண்டிய என் மனைவி அகாதாவோ, படத்தைக் கத்தரித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். பின்பக்கக் கட்டுரை பாதியில் நிற்கிறதென்று வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுகிறார்கள். பங்குச் சாமியார் வந்து, "மாதா முன்னாடி இந்தக் கோலமாம்மா?" என்று கேட்டார். "நீங்க வேணா கண்ண மூடிக்கோங்க சாமி, மாதா ஒண்ணும் சொல்லல" என்றாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு நீனோவிடமிருந்து கடிதம் இல்லை, ஐயா. அவன் கப்பல் ஒக்கினாவா பக்கம் நின்றது. ஜப்பான் விமானங்கள் வந்து நம் கப்பல்கள் மேலேயே விழுந்த இடம் அது. "முத்தம் குடுக்கறவன் செத்தா போயிருப்பான்?" என்கிறாள் அகாதா. இங்கே வரைக்கும் வந்தவன் ரயிலேறி வீட்டுக்கு வரமாட்டானாடி என்று கேட்டேன். "பொண்ணு வீட்டுக்குப் பயந்துக்கிட்டு இருக்கான், வருவான்" என்று அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். தினமும் அவனுக்கும் சேர்த்து மக்ரோனி வேகிறது. மறுநாள் காலையில் அதை நான் தின்கிறேன்.

நான் அவனுக்குப் பால்பல் விழும் முன்பிருந்து முடி வெட்டியவன். அவன் பிடரி முடி இடப்பக்கமாகச் சுழித்து ஏறும், எந்தக் கத்தரிக்கும் படியாது. தங்கள் மாலுமிக்குப் பிடரி முடி நேராக இருக்கிறது. ஆகவே "படத்தில் இருப்பவர் நீனோ ஸ்பாத்தா அல்ல" என்று அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஜாகோமோ நிச்சயத்தை முறித்துவிடுவார். பையன் வரும்போது அவனுக்கென்று அந்தப் பெண்ணாவது இருக்க வேண்டாமா?

தங்கள் அச்சு இயந்திரம் ஓயாமல் ஓடவும், தங்கள் பிள்ளைகள் தங்கள் கண்முன்னே வளரவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் சந்தாதாரன்,
கார்மெலோ ஸ்பாத்தா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஃபிலோமினா கடைக்கு வந்தாள். எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டு, "இது நீனோ இல்லன்னு படத்தப் பாத்தவுடனே எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

"அத உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா, அப்ப நீனோ எங்கன்னு நான் யோசிக்கணுமே. எவளையோ கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கட்டும் மாமா. தெருவே என்னப் பாத்துச் சிரிக்கட்டும். உசிரோட நிக்கறான்ல."

சொல்லிவிட்டு அழுதாள். நாற்காலியில் ஆள் இருந்தபோதே நானும் அழுதேன்.

ஆகவே ஐயா, மேலே கேட்ட வரியைப் போட வேண்டாம். வேறு எந்தத் தாயாவது அந்த மாலுமி தன் பிள்ளைதான் என்று சாட்சியோடு எழுதினால் நம்புங்கள், அவளுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள். ஆனால் எங்கள் பையனிடமிருந்து ஒரு கடிதம் வரும்வரை அதை அச்சில் ஏற்றிவிடாதீர்கள்.