கைநாட்டு மறுத்த காய்ச்சல் கொட்டகை

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் 'ஆட்சேபணை' என்று எல்லாரும் கூப்பிட்ட மனுஷர் எதிர்க்காமல் விட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான்: ராகிக் களி. அதுவும் சூடாக இருக்கிற வரைக்கும். ஆறிவிட்டால் களிக்கும் அதே கதிதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. லாரி ஷெட்டில் ஃபிட்டர். பஸ், லாரித் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். வலது கையைத் தூக்கி, "ஒரு ஆட்சேபணைங்க" என்று ஆரம்பித்தாரானால் எதிரே இருப்பவர் தாசில்தாரானாலும் தவில்காரரானாலும் நிறுத்தத்தான் வேண்டும். அவருடைய சொந்த நிச்சயதார்த்தத்தில், "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று பெரியவர்கள் பேச்சுக்குக் கேட்டபோது மாப்பிள்ளையே கையைத் தூக்கினாராம். "பொண்ணைக் கேக்கலீங்களே." உள்ளே போய்க் கேட்டார்கள். பெண்ணுக்குச் சம்மதம்தான். ஆனால் மாப்பிள்ளை கை தூக்கிய சேதியும் கூடவே போய்விட்டதால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாளாம்.

அவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது ஐம்பத்தேழில். கப்பலில் வந்து இறங்கியதாகச் சொன்ன அந்த ஃப்ளூ காய்ச்சல் ஊர் ஊராகப் படுக்கவைத்த வருஷம். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே வந்தவன் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கரும்பலகையில் பஸ் நேரம் எழுதுவது என் வேலை. சாக்பீஸ் பிடித்த கையோடு விழுந்தவனை லாரியில் போட்டுக் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள்.

நான் சாதாரண நாளிலேயே தும்மல் வந்தால் உயில் எழுதலாமா என்று யோசிக்கிறவன். காய்ச்சல் வேறு வந்துவிட்டது. கெம்பம்மா என்ற ஆயாவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டு, "நான் செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டேன். அந்தம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கம். பேச்சில் பாதி கன்னடம். நான் எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டே, "இவத்து பேடா சாமி, இன்னிக்கி வேணாம். எனக்கு வேல ஜாஸ்தி" என்பாள். பத்துத் தடவையும் அதே பதில்தான். எந்த டாக்டர் சொன்னதைக் காட்டிலும் எனக்கு அதில்தான் தெம்பு இருந்தது.

நான் வந்த மறுநாள் லாரியில் ஆட்சேபணை வந்து இறங்கினார். இறங்கும்போதே தகராறு. "எனக்குக் காய்ச்சல் இல்ல. உடம்பு சூடா இருக்குது, அவ்ளோதான்." கொட்டகை இன்சார்ஜ் தெர்மாமீட்டரைக் காட்டினார். "அது உங்க ஆளுங்க. உங்க பக்கந்தான் பேசும்" என்றுவிட்டு ஆட்சேபணை மயங்கி விழுந்தார்.

கண் திறந்ததும் அவர் கேட்டது தண்ணீர் அல்ல. "ஏம்மா, நீ எந்தச் சங்கம்?"

"சங்கமா? மூச்சு விடவே நேரமில்ல, போ" என்றாள் கெம்பம்மா.

அன்றைக்கே அவளையும் மற்ற மூன்று ஆயாக்களையும் பஸ், லாரித் தொழிலாளர் சங்கத்தில் சேர்த்துவிட்டார். பக்கத்துக் கட்டில் வெங்காய மண்டி பாஷா பாய்க்கு இது நியாயமாகப் படவில்லை. "ஆயாம்மா எப்படிண்ணே மோட்டார் தொழிலாளி?"

"காய்ச்சக்காரனை லாரியில கொண்டாறது யாரு? நம்ம டிரைவரு. எறக்கி எடுத்துக்கிறது யாரு? இவங்க. கிளீனரு வண்டியைத் தொடைக்கிறான், இவங்க மனுசனைத் தொடைக்கிறாங்க. தொழிலு ஒண்ணுதான்." விண்ணப்பத்தில் நால்வருக்கும் தொழில் என்ற இடத்தில் 'கிளீனர்' என்று எழுதச் சொன்னார். எழுதியது நான். கொட்டகையில் பேனா பிடிக்கத் தெரிந்த நோயாளி நான் ஒருவன்தான்.

அந்த வாரமே கெம்பம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டில் நோயாளிகளுக்குத்தான், ஆயாவுக்கு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து, கன்னம் ஒட்டிப்போய், வேலைக்கு வந்து நின்றாள்.

"வேற ஆளைப் பாத்தாச்சு. பேரை எடுத்துட்டேன்" என்றார் இன்சார்ஜ். "நீ தொத்து. கயித்துக்கு அந்தாண்ட நில்லு."

"இங்கதானுங்க சாமி புடிச்சிது" என்றாள் அவள். கயிற்றுக்கு வெளியே, போகவும் மனசில்லாமல் நின்றாள். அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற மூன்று ஆயாக்களும் வேலையை நிறுத்தத் தயார் என்றார்கள். ஆட்சேபணை கையைத் தூக்கினார். "கூடாது. நீங்க நிறுத்தினா தண்ணியில்லாம சாவறது நம்ம ஆளுங்க. கொணமானவன் நிறுத்தட்டும்."

"நாங்க எதைண்ணே நிறுத்தறது? சும்மாதானே படுத்துக்கெடக்கறோம்" என்றார் பாஷா பாய்.

"வீட்டுக்குப் போறதை நிறுத்துவோம்."

விஷயம் இதுதான். குணமானவன் ரெஜிஸ்டரில், 'குணமாகிச் செல்கிறேன்' என்ற வரிக்கு நேராகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போகவேண்டும். வைக்காதவன் நோயாளிதான், அவன் கர்லாக்கட்டை சுற்றினாலும் சரி. சேலத்திலிருந்து பெரிய டாக்டர் இரண்டு நாளில் பார்வைக்கு வருவதாக இருந்தது. காய்ச்சல் தணிந்துவிட்டது, கொட்டகை பாதி காலி என்று இன்சார்ஜ் முன்கூட்டியே எழுதிப் போட்டிருந்தார்.

"கட்டிலை விட்டுருங்க, முடியாதவன் வந்து படுக்கட்டும்" என்றார் ஆட்சேபணை. "நாம கயித்துக்குள்ளாறவே அந்தப் புளியமரத்தடிக்குப் போவோம். பேரு மட்டும் நோட்டுல இருக்கட்டும். கட்டைவிரலை மடக்குங்கப்பா."

குணமானவர்கள் அத்தனை பேரும் மரத்தடிக்குப் போனோம். கஞ்சி வீடுகளிலிருந்து கயிறு வரைக்கும் வந்தது. உடம்பு தேறியவர்கள் கெம்பம்மா இல்லாத குறைக்குத் தண்ணீர் சுமந்தார்கள், கொட்டகையைக் கூட்டினார்கள். இன்சார்ஜ் மைப்பெட்டியோடு ஒவ்வொருவராக வந்தார். எல்லார் கையும் முஷ்டியாக இருந்தது, கட்டைவிரல் உள்ளே. பாஷா பாய் முஷ்டியாலேயே கும்பிடு போட்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். இவங்க மாதிரி இல்ல. கையெழுத்தைப் போடு. நீ போட்டா எல்லாம் போடுவாங்க." பேனாவை நீட்டினார். "இல்லேன்னா உன் பஸ் மொதலாளிக்கு இன்னிக்கே எழுதறேன்."

ஆட்சேபணையைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு அப்பால் கெம்பம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல் அவளே தலையை ஆட்டினாள். என் வேலையும் போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை. அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது.

"எழுத்து மறந்துபோச்சுங்க" என்றேன்.

"என்னது?"

"காய்ச்சல்ல மறந்துபோச்சு."

"எழுத்து எப்படிய்யா மறக்கும்?"

"ஆறாங் கிளாஸோட நின்னுட்டேங்க. அவ்வளவா ஆழமாப் பதியல."

மரத்தடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டில் பாஷா பாய்க்கு இருமல் திரும்பிவிட்டது. இன்சார்ஜ் மரத்தடியையும் ரெஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலையில் சேலத்து ஜீப் வந்துவிடும். பேனாவை மூடினார்.

"சரி. அந்தம்மா வரட்டும்." கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு வா" என்றார்.

கை எழும்பியது. "ஒரு ஆட்சேபணைங்க. அந்தம்மா குனிய வேண்டாம். கயித்தை அவுருங்க."

"இதென்னய்யா அக்குறும்பு?"

"தொத்துன்னு சொல்லி நீங்கதானே அந்தாண்ட நிறுத்தினீங்க. நீங்களே அவுருங்க."

இன்சார்ஜ் முடிச்சோடு போராடினார். தேங்காய் நார்க் கயிறு, மழையில் ஊறி இறுகியிருந்தது. உதவிக்கு ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை. எங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையே. முடிச்சு அவிழ்ந்ததும் கெம்பம்மா நிமிர்ந்தபடி நடந்து வந்து, யாரையும் பார்க்காமல், நேரே தண்ணீர்க் குடத்தை எடுத்தாள்.

ஆட்சேபணை அத்தோடு விடவில்லை. ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஆயாவுக்கும் கட்டில், எழுந்ததும் அதே வேலை என்று எழுதி வாங்கவேண்டும் என்றார். "எழுதுடா தம்பி."

எழுதினேன். வரி கோணாமல், பஸ் நேரம் எழுதுகிற குண்டு எழுத்தில்.

"மறந்துபோச்சுன்னியே?" என்றார் இன்சார்ஜ்.

"இப்பதாங்க ஒவ்வொண்ணா வருது."

அவர் ஒப்பம் வைத்தபிறகு முஷ்டிகள் விரிந்தன. ஒருவர் பின் ஒருவராகக் கைநாட்டு வைத்துவிட்டு ஊர்ப் பக்கம் நடந்தார்கள். ஆட்சேபணை வைக்கவில்லை.

"அதான் எல்லாம் ஆச்சே. நீ ஏன்யா இன்னும் உக்காந்திருக்கே?" என்று இன்சார்ஜ் அழாத குறையாகக் கேட்டார்.

ஆட்சேபணை என்னைக் காட்டினார். தெர்மாமீட்டர் எனக்குக் குணம் என்று சொல்லி மூன்று நாளாகியிருந்தது. நான்தான் நம்பவில்லை. வழியில் விழுந்துவிடுவேனோ என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இவனுக்கு இன்னும் பயம் போகலீங்க. போனதும் ரெண்டு பேருமாப் போறோம்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறி என் பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டார்.

என் பயம் அன்று சாயங்காலமே போய்விட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நாள் மனசு வரவில்லை.