போர்வைக்குள் மாமியார்

மலை விடுதிக்கு இன்னும் நாலே வளைவுதான் பாக்கி. அப்போதுதான், பின் சீட்டில் மகளோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு நாய்களையும் எப்படி உள்ளே கொண்டுபோவது என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். கிளம்புவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அலுவலகத்தில் விண்ணப்பம் சரிபார்க்கிறவருக்கு அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துத்தான் பழக்கம்.

இருபது வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து, "முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டே ஜனங்களைத் திருப்பி அனுப்பிய மனிதர், விடுதிப் படிவத்தை மட்டும் பஸ்சுக்குக் காத்திருந்த நேரத்தில் போனிலேயே நிரப்பி அனுப்பிவிட்டார். அதில் 'நாய்களுடன் வருவோர் கவனத்துக்கு' என்று ஒரு தலைப்பு, கீழே பத்து வரி. நாய் கூடாது என்பதைத்தானே இவ்வளவு நீட்டி முழக்கியிருப்பார்கள்? 'ஆட்கள் மூன்று, நாய் இல்லை' என்று போட்டார்.

அம்மாவும் வரட்டுமே என்று மனைவி கேட்டாள். படிவத்தில் மூணு பேர் என்று எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது என்றார். மாற்றலாம். ஆனால் மாமியார் வந்தால் வழி நெடுக இவர் வண்டி ஓட்டும் லட்சணம்தான் பேச்சாக இருக்கும். மனைவி சண்டை போடாமல் சரி என்றாள். வேறு யாராவது என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நாய்களையாவது மாமியார் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அந்த ரெண்டு நாளும் அம்மா வெளியூர் போகிறாள் என்று பதில் வந்தது. அப்படித்தான் தடியன், கடுகு என்ற அந்த இரண்டு நாய்களும் வண்டியில் ஏறின.

கிளம்பும்போது மனைவி ஒன்றுதான் சொன்னாள். "மூணு தடவை உங்களாலதான் பாதி வழியில திரும்பி வந்தோம். இதுவும் கெட்டுப்போச்சுன்னா, இனிமே நானும் பொண்ணும் மட்டும் போய்க்கிறோம்."

விடுதி வாசலில், அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ரிஜிஸ்தரும் கையுமாக நின்றிருந்தார். இவர் அவசரமாக இரண்டு நாய்களையும் ஒரே போர்வையால் மூடிவிட்டு இறங்கினார்.

"மூணு பேர்தானே சார்?"

"மூணே பேர்தாம்மா."

போர்வைக்குள் கடுகு குரைத்தது. இவர் இருமினார். அது மறுபடி குரைத்தது. இவர் கண்ணில் தண்ணீர் வர இருமினார். அப்பா மேல் இருந்த பாசத்தில் மகளும் சேர்ந்து இருமினாள். ஐயோ, குழந்தைக்குமா என்று பதறி, அந்த அம்மாள் பின் கதவைத் திறந்தார். போர்வை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரு சார்?"

மூளை வேலை செய்யாத நேரத்தில்தான் அவருக்கு வாய் நன்றாக வேலை செய்யும். "மாமியார்," என்றார். "உடம்பு சரியில்ல. படுத்திருக்காங்க."

முன் சீட்டில் மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே அவர் நினைத்தார். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"மூச்சு இப்படி வாங்குதே?"

"மலை ஏறினா அப்படித்தான்."

"கைத்தாங்கலா இறக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம். தொட்டா அவங்களுக்குப் பிடிக்காது."

"என்ன, திட்டுவாங்களா?"

"கடிச்சாலும் கடிச்சிருவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அந்த நேரம் பார்த்துப் போர்வையின் ஓரத்தில் ஒரு வால் எட்டிப் பார்த்தது. மகள் அதன் மேல் துண்டைப் போட்டாள். துண்டும் சேர்ந்து ஆடியது. கடைசியில் தடியன் போர்வையை உதறிவிட்டு எழுந்து, இவர் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சந்தோஷமாக வாலை ஆட்டியது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, இது என் மாமியார் இல்ல. நாய். ரெண்டு இருக்கு. நான் படிவத்தைப் படிக்காமலே எழுதிட்டேன்." இருபது வருஷமாக எத்தனையோ பேர் அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் அவர் விட்டதில்லை. "இவளையும் பொண்ணையும் திருப்பி அனுப்பிடாதீங்க. ரெண்டு பேரும் உள்ள தங்கட்டும். நான் நாய்ங்களோட வண்டியிலேயே படுத்துக்கறேன்."

அந்த அம்மாள் நிதானமாக ரிஜிஸ்தரை மூடினார்.

"நாய் தாராளமா வரலாம் சார், அதைத்தான் பத்து வரியில போட்டிருக்கோம். உங்க மாமியார் காலையிலேயே பஸ்ல வந்து, ரெண்டு நாய்க்கும் படுக்கை போட்டு வச்சுட்டு, அஞ்சு நிமிஷமா உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க."